வெள்ளை வீடும் பழுப்புச் சங்கும்

கடலுக்கு அடியில் ஒரு புல்வெளி இருந்தது. நிஜப் புல்லேதான். கரையில் நெல் வயல் காற்றுக்கு எப்படிச் சாயுமோ, அப்படி அது நீரோட்டத்துக்குச் சாயும். அந்தப் புல்வெளியில் துறவி நண்டுகள் கூட்டமாகக் குடியிருந்தன. துறவி என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. வீட்டு ஆசை அந்தக் கூட்டத்துக்கு இருந்த மாதிரி உலகத்தில் வேறு யாருக்கும் இருந்திருக்காது.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. துறவி நண்டுக்கு முன்பாதி உடம்பில்தான் கவசம். பின்பாதி வெறும் சதை. யார் வேண்டுமானாலும் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளலாம். அதனால் செத்துப்போன நத்தை, சங்கு ஆகியவற்றின் ஓட்டைத் தேடிப் பிடித்து, பின்பாதியை அதற்குள் நுழைத்துக்கொண்டு திரியும். உடம்பு வளர்ந்தால் அதைவிடப் பெரிய ஓடு தேட வேண்டும். ஆயுள் முழுக்க அடுத்தவர் கட்டிய வீட்டில்தான் குடித்தனம்.

அந்தக் கூட்டத்தில் உருவத்தில் பெரியவன் கோட்டைச்சாமி. ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பை எடுத்து ஒரு சுவரில் அப்பியவன் இல்லை அவன். ஆனால் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்துத் தலைமுறைக் கொத்தனார் தோற்றுப்போவார். இந்த வளைவு சரியில்லை, அந்த வாசல் கோணல், இதன் நிறம் எடுப்பாக இல்லை என்று நாள் முழுக்கப் பேசுவான். சின்ன நண்டுகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

வீடு மாற்றுவதற்கு அந்தக் கூட்டத்தில் ஒரு முறை இருந்தது. காலி ஓடு ஒன்று உருண்டு வந்தால் எல்லோரும் அதன் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். இருப்பதிலேயே பெரியவன் முதலில், அவனைவிடச் சின்னவன் அடுத்து, இப்படியே கடைசிப் பொடிசு வரை. முதலாமவன் புது ஓட்டுக்குள் தாவியதும், அவன் விட்ட ஓட்டுக்குள் இரண்டாமவன் தாவுவான். அவன் விட்டதற்குள் மூன்றாமவன். கண் மூடித் திறப்பதற்குள் மொத்த ஊரும் வீடு மாறியிருக்கும். மாறிய பிறகு, எனக்கு இது பிடிக்கவில்லை, பழசைத் திருப்பிக் கொடு என்ற பேச்சே கிடையாது. விட்ட வீடு விட்டதுதான். அதனால் தாவுவதற்கு முன் கொடுக்கால் மூன்று தட்டுத் தட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதும் அந்த முறையில் சேர்த்தி.

கோட்டைச்சாமி அப்போது இருந்தது ஒரு நத்தை ஓட்டில். கனத்த சுவர், அழுக்குப் பச்சை நிறம். நல்ல உறுதியான வீடு. என்ன, அவன் வளர்ந்துவிட்டான். இடுப்பு இறுக்கியது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. அதனால் அவன் கண் பூரணியின் வீட்டின்மேல் விழுந்தது.

பூரணி ஒரு சங்கு. புல்வெளியின் நடுவில், வேர் அடர்ந்த இடத்தில், பாதி உடம்பு மணலுக்குள் புதைந்தபடி இருந்தாள். பூஜை அறையில் நாம் பார்க்கிற பளீர் வெள்ளைச் சங்கை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். உயிரோடு இருக்கிற சங்கு வெள்ளையாக இருக்காது. ஈரத் தோல் மாதிரி ஒரு பழுப்புப் படலம் ஓட்டை மூடியிருக்கும். பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. பூரணியும் அப்படித்தான் இருந்தாள். அதைப் பற்றி அவள் ஒருநாளும் கவலைப்பட்டதும் இல்லை.

கோட்டைச்சாமி தினமும் காலையில் அவளிடம் போய் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பான். பசி எடுக்கிறதா, தூக்கம் வருகிறதா, எங்கேயாவது வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். ஆகா, என்ன அக்கறை என்று நினைக்கத் தோன்றும். அவள் செத்தால் ஓடு காலியாகும், வரிசையில் முதல் ஆள் அவன், விஷயம் அவ்வளவுதான். பூரணிக்கும் அது தெரியும். நேற்றைவிட இன்று தேவலை தம்பி என்று சிரிக்காமல் சொல்லி அனுப்புவாள். அவன் முகம் தொங்கிப்போகும்.

இப்படி நாள் போய்க்கொண்டிருக்கையில் கடல் தண்ணீரின் குணம் மாறத் தொடங்கியது.

முதலில் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது ஒரு ஆமை. அது ஊர் ஊராக நீந்துகிற ஆமை, அதற்குத் தெரியாத சங்கதி கிடையாது. கரையில் மனிதர்கள் இராப்பகலாக எதையெதையோ எரிக்கிறார்களாம். அந்தப் புகையில் ஒரு பங்கைக் கடல் குடித்துவிடுகிறதாம். குடித்துக் குடித்துத் தண்ணீரில் புளிப்பு ஏறிக்கொண்டே போகிறதாம். வெளிக்கடலில் இன்னும் மோசம் என்று சொல்லிவிட்டு ஆமை புறப்பட்டுப் போய்விட்டது.

அந்தப் புளிப்பு நம் நாக்குக்குத் தெரியாது. நீங்களும் நானும் கடல் தண்ணீரை வாயில் வைத்தால் உப்பு என்று துப்பிவிடுவோம். ஓட்டுக்குள் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வருகிறதே, ஏன் வருகிறது? மேலே இருப்பதைப் புளி அரித்து எடுத்துவிடுகிறது, அதனால் வருகிறது. கடலும் அந்த வேலையைத்தான் ஓடுகளிடம் ஆரம்பித்தது. மெதுவாக, சத்தம் போடாமல்.

ஒருநாள் பூரணியின் ஓட்டு நுனியில் பழுப்புப் படலம் உரிந்திருந்தது. அதன் கீழே சுவர் பொரிந்து, சின்னச் சின்னக் குழி விழுந்திருந்தது. கோட்டைச்சாமி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். தனக்கு வரவேண்டிய வீடு கெட்டுப்போகிறதே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. இந்த இடத்தை விட்டு வேறெங்காவது போய்விடு என்று அவளுக்கு யோசனை சொன்னான்.

"எங்கே போனாலும் இதே தண்ணீர்தானே தம்பி. நான் வேலையை ஆரம்பிக்கணும், நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

அவள் ஆரம்பித்த வேலையைத்தான் நான் சொல்ல வந்தேன். கேட்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

வெளியே அரிப்பதைப் பூரணியால் தடுக்க முடியாது. சங்குக்குத் தன் ஓட்டின் வெளிப்பக்கம் எட்டாது. உள்பக்கம் எட்டும். தண்ணீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்து, உடம்பின் ஓரத்து மடிப்பால் உள்சுவரில் பூசலாம். நல்ல தண்ணீரில் அது ஒரு பெரிய வேலையே இல்லை. புளித்த தண்ணீரில் சுண்ணாம்பு லேசில் சிக்காது. முன்பு ஒரு நாளில் பூசியதைப் பூச இப்போது நான்கு நாள் ஆனது. அதற்குத் தெம்பு வேண்டுமே! அவள் ஒரு வேளை தின்ற இடத்தில் இரண்டு வேளை மணலைக் கிளறிப் புழுக்களைத் தேடித் தின்றாள். தின்றதை எல்லாம் சுவரில் கொட்டினாள்.

இன்னொன்றையும் அவள் கண்டுபிடித்தாள். வெயில் ஏறிப் புல்லின்மேல் வெளிச்சம் விழுகிறபோது, புல் தன் உணவுக்காகத் தண்ணீரில் இருக்கிற அந்தப் புளிப்பை இழுத்துக்கொள்கிறது. அந்தச் சில மணி நேரம் வேரோரத் தண்ணீர் பழையபடி நன்றாக இருக்கிறது. சாயங்காலம் ஆனால் மறுபடி புளிக்கிறது. யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. உடம்பால் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அதிலிருந்து வெயில் நேரம் முழுக்க வேலை, மற்ற நேரம் சாப்பாடும் ஓய்வும் என்று வைத்துக்கொண்டாள். ஒருநாள்கூடத் தவறவில்லை. இன்று உடம்பு சரியில்லை, நாளை பார்க்கலாம் என்ற பேச்சு அவளிடம் கிடையாது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. உள்பக்கமே பூசினால் உள்ளே இடம் குறையும். மற்ற காலமாக இருந்தால் வாசலை நீட்டி வீட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருப்பாள். இப்போது வளர்ச்சியை நிறுத்திவிட்டாள். வீடு வருஷத்துக்கு வருஷம் குறுகியது. அவளும் அதற்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டாள்.

கோட்டைச்சாமி அதைப் பார்த்துச் சிரித்தான். ஊரில் எல்லோரும் பெரிய வீட்டுக்கு ஆசைப்படுகிறார்கள், இவள் ஒருத்திதான் மெனக்கெட்டு வீட்டைச் சின்னதாக்குகிறாள் என்று கூட்டத்தில் போய்ச் சொன்னான். சின்ன நண்டுகள் விழுந்து விழுந்து சிரித்தன.

அந்தச் சமயத்தில்தான் அந்த வெள்ளை ஓடு வந்து சேர்ந்தது.

வெளிக்கடலில் இருந்து உருண்டு வந்த பெரிய சங்கு ஓடு அது. உள்ளே இருந்தவர் செத்து எத்தனை காலமோ. பழுப்புப் படலம் துளி இல்லை. பால் வெள்ளை. வெயில் பட்டதும் கண்ணைக் கூசியது. புல்வெளியே திரண்டு வந்து பார்த்தது. இப்படி ஒரு வீட்டை யாரும் கண்டதில்லை. வரிசை தானாக நின்றது. கோட்டைச்சாமி முதலில். அவனுக்குப் பின்னால் ராக்கு என்ற நண்டு. அவளுக்குப் பின்னால் இருபது முப்பது பேர்.

கோட்டைச்சாமி முறைப்படி மூன்று தட்டுத் தட்டினான். கிணுங், கிணுங், கிணுங் என்று மணி மாதிரி ஓசை வந்தது. அவன் இருந்த நத்தை ஓட்டைத் தட்டினால் தொப் என்று கேட்கும். இது ராஜா வீட்டு ஓசை என்று அவன் எல்லோருக்கும் விளக்கினான். தூக்கிப் பார்த்தான். இவ்வளவு பெரிய ஓடு பஞ்சு மாதிரி எடை இல்லாமல் இருந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய வீடு, கனமும் இல்லை, பார்க்கவும் லட்சணம்! இதற்கு மேல் ஒரு துறவி நண்டுக்கு என்ன வேண்டும்?

பக்கத்தில் மணலில் இருந்த பூரணி எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, அதோட சுவர் வழியா உள்ளே வெயில் தெரியுது. எனக்கென்னவோ சரியாப் படலை."

கோட்டைச்சாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெளிச்சமான வீடுன்னா உனக்கு வயிற்றெரிச்சலா அக்கா? உன் வீட்டுக்குள்ளே நீயே திரும்ப முடியலை. எனக்குச் சொல்ல வந்துட்டே."

பூரணி உள்ளே திரும்பிப் பூசத் தொடங்கினாள். வெயில் நேரம் போய்க்கொண்டிருந்தது, அவளுக்கு வேலை இருந்தது.

கோட்டைச்சாமி தாவினான். அடுத்த நொடி ராக்கு அவனுடைய நத்தை ஓட்டுக்குள் இருந்தாள். சடசடவென்று வரிசை முழுக்க வீடு மாறியது. எல்லாம் முடிந்துபோனது.

பத்து நாளைக்குக் கோட்டைச்சாமியைப் பிடிக்க முடியவில்லை. புல்லுக்குள் இருந்தால் யார் பார்ப்பது என்று வெட்ட வெளி மணலில் போய் உலாத்தினான். ஆடினான், சுழன்றான், பக்கவாட்டில் ஓடிக் காட்டினான். வருகிற மீன் போகிற மீன் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போயின. வெட்ட வெளியில் புல்லும் இல்லை, வேரும் இல்லை. புளித்த தண்ணீர் இராப்பகலாக ஓட்டைத் தின்றுகொண்டிருந்தது. உள்ளே பூசுவதற்குச் சொந்தக்காரர் இல்லாத வீடு. குடியிருக்கிறவனுக்கோ பூசத் தெரியாது.

பதினோராம் நாள் வாசல் விளிம்பில் ஒரு துண்டு உதிர்ந்தது. கோட்டைச்சாமி அதை மணலில் தள்ளி மூடினான். அடுத்த நாள் இன்னொரு துண்டு. அதன் மறுநாள் இடுப்புப் பக்கம் ஜில்லென்று தண்ணீர் பட்டது. தொட்டுப் பார்த்தான். சுவரில் துளை விழுந்திருந்தது. அவன் வயிறு வெளியே தெரிந்தது. பாசியைக் கிழித்து அதை அடைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மானம் போய்விடுமே. ராக்கு எதிரில் வந்தபோது முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனான்.

பயம் வந்துவிட்டால் புத்தி குறுக்கே ஓடத் தொடங்கிவிடும். கோட்டைச்சாமிக்கும் அப்படித்தான் ஆனது. பழைய வீடு திரும்பி வராது. காலி ஓடு எப்போது வருமோ, யார் கண்டது? வந்தாலும் அதுவும் இப்படி இருந்தால்? ஊரிலேயே நம்பிக்கையான வீடு ஒன்றுதான். அது பூரணியின் வீடு. அவள் சாகிற வழியாகக் காணோம். இரண்டு நாள் பாசிக்குள் பதுங்கி இதையே நினைத்துக்கொண்டிருந்தவன், மூன்றாம் நாள் காலையில் புல்வெளியைத் தாண்டிப் பாறைப் பக்கம் போனான்.

பாறை இடுக்கில் ஒரு பேய்க்கணவாய் குடியிருந்தது. எட்டுக் கை, எலும்பே இல்லாத உடம்பு, கிளி மூக்கு மாதிரி ஒரு வாய். சங்கைப் பிடித்தால் ஓட்டை உடைக்காது. கதவை இழுத்துத் திறக்கும், முடியாவிட்டால் சுவரில் துளை போட்டு உள்ளே இருப்பதை உறிஞ்சிவிட்டு ஓட்டை அப்படியே போட்டுவிட்டுப் போகும். கோட்டைச்சாமிக்கு அதுதானே வேண்டும்? தூரத்தில் நின்றபடி விஷயத்தைச் சொன்னான். கொழுத்த சங்கு ஒன்று இருக்கிறது, இடம் எனக்குத் தெரியும், சதை உங்களுக்கு, ஓடு எனக்கு என்றான்.

பேய்க்கணவாய் ஒரு கண்ணால் அவனை மேலும் கீழும் பார்த்தது.

"நல்ல பிள்ளைப்பா நீ. முன்னாலே நட."

புல்வெளிக்குள் வந்ததும் கோட்டைச்சாமி கையைக் காட்டிவிட்டு ஒரு கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். பேய்க்கணவாய் பூரணியின்மேல் ஏறி உட்கார்ந்து எட்டுக் கைகளாலும் அவளைச் சுற்றி வளைத்தது. பூரணி சட்டென்று உடம்பை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். சங்கின் காலில் ஒட்டியிருக்கும் தடித்த மூடிதான் அந்தக் கதவு. பேய்க்கணவாய் அதில் கைகளை ஒட்டி இழுத்தது. கதவு அசையவில்லை. வெளியில் இருந்தபடியே அது இனிக்க இனிக்கப் பேசியது. கோட்டைச்சாமி என்னும் உன் சிநேகிதன்தான் அனுப்பினான், பயப்படாமல் திற என்றது. கதவு இன்னும் இறுகியது.

பிறகு அது துளை போட ஆரம்பித்தது. கறக், கறக், கறக் என்று சுவரை ராவுகிற ஓசை. கல்லுக்குப் பின்னால் இருந்த கோட்டைச்சாமிக்கு அது நன்றாகக் கேட்டது. முதலில் எப்போது முடியும் என்று காத்திருந்தான். வெயில் ஏறியது. ஓசை நிற்கவில்லை. நேற்று வரை தம்பி தம்பி என்று பேசியவள் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு வந்ததும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் வெளியே வந்து நிறுத்தச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை.

பொரிந்துபோன வெளிச்சுவரைப் பேய்க்கணவாய் சுலபமாகத் துளைத்துவிட்டது. அவ்வளவுதான் என்று நினைத்தது. அதன் கீழே இன்னொரு சுவர் இருந்தது. இறுகிப்போன, வழவழப்பான சுவர். அதையும் ராவியது. அதன் கீழே இன்னொன்று. வெயில் நேரம் ஒன்றைக்கூட வீணாக்காமல் பூரணி பூசிய பூச்சு எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக அங்கே இருந்தது. உச்சி வெயில் ஆனபோது பேய்க்கணவாய்க்கு வாய் மரத்துப்போனது. மலையைக் குடைய வந்தேனா சாப்பிட வந்தேனா என்று முணுமுணுத்துக்கொண்டு அது கைகளை எடுத்தது.

எடுத்த கையோடு அதன் கண் கல்லுக்குப் பின்னால் தெரிந்த வெள்ளைமேல் விழுந்தது.

"கோட்டைச்சாமி, நான் பசியோட திரும்பிப் போகலாமா?"

கோட்டைச்சாமி ஓட்டுக்குள் ஒடுங்கினான். பேய்க்கணவாய் ஒரே ஒரு கையால் அந்த வெள்ளை ஓட்டைப் பிடித்து அழுத்தியது. அப்பளம் மாதிரி அது நொறுங்கியது. ராஜா வீடு தூளாகி மணலில் விழுந்தது. கோட்டைச்சாமி அம்மணமாக வெளியே விழுந்து, எந்தத் திசை என்று தெரியாமல் ஓடினான். ஓடிய ஓட்டம் அவனை எங்கே கொண்டுவிட்டது தெரியுமா? பூரணியிடம்.

அவன் வந்து மோதியதும் பூரணியின் கதவு திறந்தது. அவள் காலை ஊன்றி ஓட்டைச் சற்றே தூக்கினாள். "உள்ளே வா" என்றாள்.

அவன் அந்த இடுக்குக்குள் பாய்ந்து வேருக்குள் சுருண்டுகொண்டான். அவள் ஓட்டை அவன்மேல் இறக்கி, காலை மணலில் பரப்பி வேரைப் பற்றிக்கொண்டாள். அப்படிப் பற்றுவதற்குக் கால் வெளியே இருந்தாக வேண்டும். கால் என்றால் வெறும் சதை. கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம் அவள், அவன் மட்டும் அடியில் இல்லை என்றால். பேய்க்கணவாய் ஓடி வந்து அந்தக் காலின் ஓரத்தைக் கடித்துப் பிய்த்தது. கோட்டைச்சாமியின் தலைக்கு மேலே ஓடு ஒரு தடவை அதிர்ந்தது. பிடி விடவில்லை. மறுபடி கடித்தது. அப்போதும் விடவில்லை.

காலையிலிருந்து உழைத்து ஓய்ந்துபோன பேய்க்கணவாய்க்கு ஓட்டைப் புரட்டத் தெம்பு இல்லை. எட்டுக் கைகளாலும் சுற்றிச் சுற்றித் துழாவியது. கடைசியில், வாயில் கிடைத்த அந்தச் சின்னத் துண்டோடு பாறைப் பக்கம் போய்விட்டது. அது போய் வெகுநேரம் ஆன பிறகுதான் பூரணி காலைத் தளர்த்தினாள்.

கோட்டைச்சாமியால் அவள் காயத்தைப் பார்க்க முடியவில்லை. கொடுக்கால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"அக்கா, அதுக்கு வழி காட்டினது நான்தான்."

"தெரியும். கதவுக்கு வெளியே அதுதான் உன் பேரைச் சொல்லிச்சே."

"தெரிஞ்சுமா என்னை உள்ளே விட்டே?"

பூரணிக்கு வலி. காயம் பட்ட காலை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

"ஓடு இல்லாம உன்னை இன்னிக்குத்தான் தம்பி பார்த்தேன். எனக்கும் உள்ளே இதேதான் இருக்கு. வேற ஒண்ணும் இல்லை."

கோட்டைச்சாமி தலையைத் தூக்கினான். அவளுடைய வீட்டை அடியிலிருந்து அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாசலுக்கு உள்ளே சுவர்கள் இளஞ்சிவப்பாக, மழமழவென்று, ஒரு பிசிறு இல்லாமல் ஏறிப் போயின. அவ்வளவு அழகை அவன் எந்த வீட்டிலும் கண்டதில்லை. யாருக்கும் காட்டுவதற்காகச் செய்த அழகும் இல்லை அது. இன்னும் உற்றுப் பார்த்தான்.

அந்த வீட்டுக்குள் அவனால் ஒரு காலுக்கு மேல் நுழைத்திருக்க முடியாது. இடம் என்று இருந்ததை எல்லாம் அவள் சுவருக்குக் கொடுத்திருந்தாள். மிச்சம் இருந்தது அவள் ஒருத்தி ஒடுங்கி இருக்கிற அளவுக்குத்தான். அவள் செத்திருந்தாலும் அந்த வீடு அவனுக்கு ஆகியிருக்காது. எதற்காக அவளைக் காட்டிக்கொடுத்தானோ, அது முதலிலேயே இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அவன் வேருக்குள் புதைந்து கிடந்த ஒரு பழைய நத்தை ஓட்டைத் தோண்டி எடுத்தான். வாய் உடைந்தது, நிறம் செத்தது, ஊரில் ஒவ்வொருவரும் வேண்டாம் என்று ஒதுக்கியது. அவனுக்குச் சின்னதும்கூட. தட்டிப் பார்த்தான். தொப் என்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். ராக்கு வந்து பார்த்துவிட்டு, உனக்கா இந்தக் கதி என்று கேட்டாள். எனக்கு இது தாராளம் என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு வீடுகளைப் பற்றி அவன் எங்கும் பேசவில்லை.

பூரணியின் கால் ஆற நாற்பது நாள் ஆனது. அதுவரை அவளால் மணலைக் கிளற முடியவில்லை. கோட்டைச்சாமிதான் கிளறினான். புழுக்களை ஒவ்வொன்றாக அவள் வாசலுக்கு இழுத்துக்கொண்டுவந்து போட்டான். ஊர் கேலி செய்தது, அவன் காதில் வாங்கவில்லை. கரையில் எரிப்பதை நிறுத்துகிற வரை தண்ணீர் புளிக்கத்தான் போகிறது, எத்தனை நாள் அவளால் தாக்குப்பிடிக்க முடியும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் கால் வெந்த புண்ணாக எரிந்த அந்த நாற்பது நாளிலும், வெயில் ஏறியதும் அவள் உள்ளே பூசத் தொடங்கிவிடுவாள். அவன் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வெளியே தேய்வதை நம்மால் தடுக்க முடியாத காலமும் வரும். அப்போது பிறர் கண்ணுக்கு மினுங்குவது நொறுங்கிப்போகும், நாள் தவறாமல் உள்ளே உழைத்துக் கட்டியதே நம்மையும் காக்கும், நம்மை அண்டி வந்தவரையும் காக்கும்.